முதலில் பேசுகிறவர்

மூன்றாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
"ஏறிப் பழகுங்கள், விற்பவனுக்குக் கால்தான் முதல்"
என்றார் சிகாஸ்வே, மூச்சு வாங்காமல்.
அவர் படுத்துறங்குவதே அந்த மாடியில்தான் என்பது
பிறகு தெரிந்தது.

லுசாக்காவில் அந்த வருடம்
நாளுக்கு மூன்று மணி நேரம் மின்சாரம்.
சூரிய விளக்கு விற்கும் வேலை என்றதும்
ஒருவருக்கும் சந்தேகம் தட்டவில்லை.
மாதச் சம்பளம், கமிஷன், சீருடை,
கழுத்தில் பெயர் அட்டை.
பயிற்சிக் கட்டணம் மட்டும் முன்பணம்:
எண்ணூற்றைம்பது குவாச்சா.

சிலிம்பா என்போம் நாங்கள்; சீட்டுதான்.
சந்தையில் கபெண்டா விற்கும் பதினோரு பெண்களோடு
கட்டிவந்தேன். பத்தாவதாக வரவேண்டிய என் முறையை
கெஞ்சி மூன்றாவதாக்கி எடுத்தேன்.
நோட்டெல்லாம் கருவாட்டு வாடை.
எண்ணி முடித்த சிகாஸ்வே
விரலை மோந்து பார்த்துவிட்டு
ரசீது எழுதினார்.
ரசீதில் முத்திரை இருந்தது.
எனக்கு அது போதுமாயிருந்தது.

விளக்குதான் வரவில்லை.
"நியமனத்தன்று கையில் தருவோம்."
அதுவரைக்கும் காலித் தண்ணீர் பாட்டில்.
முப்பத்தாறு பேர், இருட்டு அறை,
ஆளுக்கொரு பாட்டிலை உயர்த்திப் பிடித்து
"அம்மா, இந்த வெளிச்சத்தைப் பாருங்கள்" என்போம்.
எதிரே அம்மாவாக நிற்பவருக்குக்
கண் கூச வேண்டும்.
எனக்கு நன்றாகக் கூசும்.
கைதட்டுவார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடு என்பது முதல் பாடம்.
வேண்டாம் என்றால்
இன்னும் வேண்டாம் என்று அர்த்தம்.
விலையைச் சொன்னதும் வாயை மூடு.
அதற்குப் பிறகு
முதலில் பேசுகிறவர் தோற்றவர்.

ஆறாம் வாரம் தேர்வு வைத்தார்.
"விளக்கை எவனும் விற்பான்,
வாய்ப்பை விற்றுக் காட்டுங்கள்.
ஆளுக்கு ஓர் ஆள், கட்டணத்தோடு."

அத்தை மகன் லுயாண்டோ
மினிபஸ் கழுவிக்கொண்டிருந்தான்.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி கேட்டான்.
அவன் கேட்காத கேள்விகளுக்கும் பதில் வைத்திருந்தேன்.
ஒன்பது நிமிடம் ஆனது.
மறுநாள் சைக்கிளை விற்றுவிட்டு
நடந்து வந்தான்.
"மாடி ஏறக் கால் பழகட்டும்" என்றேன்.
சிரித்தான்.

அடுத்த திங்கள் பூட்டு.
கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தோம்,
பாட்டில்கள் சன்னல் மேட்டில் அப்படியே நின்றன.
நிலவியல் படித்த புவால்யா
கதவைத் தட்டி, இரண்டடி பின்வாங்கி,
சொல்லித்தந்த புன்னகையோடு
"காலை வணக்கம் ஐயா, ஒரு நிமிடம் ஒதுக்க முடியுமா?"
என்று பூட்டிடம் கேட்டான்.
சிரித்துச் சிரித்து ஒருத்தி
படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.
கீழ்த்தளத்துத் தையற்காரர் மேலே வந்து
இரண்டு சட்டைக்குக் கூலி பாக்கி என்றார்.
அவரையும் எங்கள் வரிசையில் சேர்த்துக்கொண்டோம்.

காவல் நிலையத்தில்
ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அதிகாரி.
"பயிற்சிக்குப் பணம் என்றிருக்கிறது.
பயிற்சி நடந்ததா?"
நடந்தது.
"பிறகென்ன?"

எடுத்த சீட்டுக்கு
இன்னும் ஒன்பது மாதம் கட்ட வேண்டும்.
அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியும்
என்னை ஒன்றும் சொல்லவில்லை.
என் முன்னால் நோட்டுகளை
இரண்டு முறை எண்ணுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆறு வாரத்தில் நான் விற்ற சரக்கு
ஒன்றே ஒன்று.
அதற்குப் பெயர் உண்டு, ஈரக் கைகள் உண்டு.

நேற்று இரவு வந்தான்.
மின்சாரம் இல்லை. கரியடுப்பில் பீன்ஸ்.
கங்கின் சிவப்பில் பாதி முகம்.
"சோல்வே" என்றான், பெயர் சொல்லி.
"எண்ணூற்றைம்பது."

பிறகு வாயை மூடிக்கொண்டான்.

கெட்டிக்காரன்.
ஒரே வாரம்தான் வகுப்புக்கு வந்தான்,
மீதியை நடந்து வரும் வழியில்
நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மன்னித்துவிடு என்ற சொல்
தொண்டைவரை வந்தது.
மூன்று நொடி பொறு என்றது
பழகிய நாக்கு.
மூன்று, முப்பது, அதற்கு மேலும்.

பீன்ஸ் அடிப்பிடிக்கும் வாடை.
இரண்டு பேரும் எழவில்லை.